படைவீரர் திறந்த கடை

(ஜூபிலி விழாவையொட்டி, ராயபுரத்தில் பங்கு மக்கள் முன் ஆற்றிய உரை)

 

"உழைப்பால் உயர்ந்த ஒருவரைப் பற்றிப் பேசுங்கள்" என்று விழாக் குழுவினர் எங்களைப் பணித்தார்கள். திருப்பூரில் அத்தகையோருக்குப் பஞ்சமில்லை. ஒரே ஒரு பவர் டேபிளோடு தொடங்கி, நூறு பேருக்குச் சனிக்கிழமைச் சம்பளம் கொடுக்கும் நிலைக்கு உயர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆயினும் வெளியூர்க்காரர் ஒருவரைப் பற்றிப் பேசத் துணிந்தோம். ஏன் என்பதை முடிவில் சொல்வோம்.

அவர் பெயர் கேப்டன் ஜி. ஆர். கோபிநாத். 2020இல் வெளிவந்த 'சூரரைப் போற்று' படத்தை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அக்கதைக்கு அடிப்படை இவருடைய வாழ்க்கை. ஆனால் படத்தின் நாயகன் சோழவந்தானில் பிறந்த விமானப்படை வீரன். உண்மையான கோபிநாத்தோ கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்தவர், தரைப்படையில் பணியாற்றியவர். இன்று நாங்கள் பேச விரும்புவது அவருடைய விமானத்தைப் பற்றி அல்ல. விமானத்திற்கு முன்னே அவர் நடத்திய சின்னஞ்சிறு தொழில்களைப் பற்றி.

வாத்தியார் மகன்

1951இல் பிறந்த கோபிநாத் வளர்ந்தது ஹேமாவதி ஆற்றங்கரையில் உள்ள கோரூர் கிராமம். எட்டுப் பிள்ளைகளில் இரண்டாமவர். தந்தையார் பள்ளி ஆசிரியர். ஆசிரியராக இருந்தும் பள்ளிக்கூடக் கட்டுப்பாட்டில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கையில்லை; மகனுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுத்தார். பையன் நேராக ஐந்தாம் வகுப்பில்தான் பள்ளியில் காலெடுத்து வைத்தான். பின்னர் பீஜப்பூர் சைனிக் பள்ளியில் இடம் கிடைத்தது. கன்னடம் மட்டுமே அறிந்த கிராமத்துப் பிள்ளைக்கு அது ஒரு புதிய உலகம். அங்கிருந்து தேசிய பாதுகாப்பு அகாதெமி, பிறகு இராணுவ அதிகாரி. 1971ஆம் ஆண்டு வங்கதேசப் போரிலும் பங்கு கொண்டார்.

எட்டு ஆண்டுகள் பணிபுரிந்துவிட்டு 28 வயதில் படையை விட்டு விலகினார். அதிகாரி ஒருவர் இருபது ஆண்டுகள் பணி செய்தால்தான் ஓய்வூதியம். ஆகவே மாதம் பிறந்தால் வரும் பணம் என்று அவருக்கு எதுவும் இல்லை. தோளில் இருந்த மூன்று நட்சத்திரங்களும் இனி இல்லை. ஊருக்குத் திரும்பினார்.

கூடாரமும் பட்டுப்புழுவும்

ஊர் பழைய ஊராக இல்லை. ஹேமாவதியின் குறுக்கே கோரூரில் அணை கட்டப்பட்டபோது, குடும்பத்து நிலம் நீரில் மூழ்கியது. அதற்கு ஈடாக அரசு கொடுத்தது ஜாவகல் பக்கத்தில் தரிசு நிலம். கிரிக்கெட் வீரர் ஸ்ரீநாத்தின் பெயருக்கு முன்னே நிற்கிறதே, அதே ஜாவகல்தான். மற்றவர்கள் வேண்டாமென்று நினைத்த அந்த நிலத்தில் கோபிநாத் ஒரு கூடாரம் அடித்துத் தங்கி விவசாயம் தொடங்கினார். இராணுவம் கற்றுக்கொடுத்தவற்றுள் முதலில் பயன்பட்டது கூடாரம் அடிக்கும் வித்தைதான்!

எல்லாம் உடனே பலித்துவிடவில்லை. தென்னை வைத்தார், நஷ்டம். வேறு பலவற்றிலும் கை வைத்தார், கடன் ஏறியது. பூச்சிமருந்தும் உரமும் வாங்கியே பணம் கரைவதைக் கண்டபின், ஜப்பானிய உழவர் மசானபு ஃபுகுவோகாவின் எழுத்துகளைப் படித்துத் தம் வழியை மாற்றினார். செலவைக் குறைத்து, மண்ணோடு ஒத்துப்போகும் முறையில் பட்டுப்புழு வளர்த்தார். அந்த முயற்சிக்காக 1996இல் அவருக்கு ரோலெக்ஸ் நிறுவனத்தின் உலக விருது கிடைத்தது.

இடையில் எத்தனை ஆண்டுகள் என்று எண்ணிப் பாருங்கள். படையை விட்டது 1970களின் இறுதியில், விருது 1996இல். பரிசைப் பற்றி ஒரே வரியில் சொல்லிவிட்டோம். அதற்கு முந்தைய பதினைந்து ஆண்டுகளுக்கும் மேற்பட்ட காலத்தை அவர் ஒவ்வொரு நாளாக வாழ்ந்தாக வேண்டியிருந்தது.

ஹாசன் கடைவீதி

பண்ணை மட்டும் போதாதென்று ஹாசன் நகரத்தில் கடை திறந்தார். என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் முகவராக 'மல்நாடு மோபைக்ஸ்' என்ற கடை. பிறகு ஒரு டிபன் ஓட்டல். பாசனக் கருவி விற்பனையும் செய்தார். போர்முனை கண்ட ஒரு கேப்டன், கல்லாவில் உட்கார்ந்து தோசைக்குப் பில் போட்டார்!

இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கக்கூடும். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. ஓட்டல் நடத்தியவர்களுக்குத் தெரியும்: விடியுமுன் அடுப்பு எரிய வேண்டும், மாவு புளித்துவிட்டால் அன்றைய முதல் போயிற்று, சரக்கு மாஸ்டர் சொல்லாமல் லீவு போட்டால் முதலாளியே கரண்டி பிடிக்க வேண்டும். பட்டாளத்தில் ஆணையிட்டால் ஆயிரம் கால்கள் நகரும். கடைவீதியிலோ வாடிக்கையாளர் யாரும் நம் ஆணைக்குக் கட்டுப்பட்டவர் அல்லர். அதிகாரத்தால் ஆன காரியங்களைப் பொறுமையாலும் கணக்காலும் செய்யக் கற்றுக்கொள்வதுதான், சீருடை கழற்றியவருக்கு வாழ்க்கை வைக்கும் பரீட்சை.

1994இல் சட்டமன்றத் தேர்தலில் நின்றார், தோற்றார். அதற்காக ஊரை விட்டு ஓடிவிடவில்லை.

வானம் ஏறியதும் இறங்கியதும்

மீதிக் கதை உங்களுக்குத் தெரியும். ஹெலிகாப்டர் ஓட்டத் தெரிந்த இராணுவ நண்பர் சாமுவேலோடு சேர்ந்து, 1997இல் வாடகை ஹெலிகாப்டர் தொழில் தொடங்கினார். 2003 ஆகஸ்டில் பெங்களூரிலிருந்து ஹூப்ளிக்கு ஏர் டெக்கான் விமானம் கிளம்பியது. சாப்பாடு இலவசம் இல்லை, தண்ணீருக்கும் காசு. ஆனால் டிக்கெட் விலை குறைவு. சில இருக்கைகள் ஒரே ஒரு ரூபாய்க்கு! ஆர். கே. லட்சுமணனின் வேட்டி கட்டிய 'சாமானிய மனிதர்' அதன் சின்னமானார். நம் கோயம்புத்தூரிலும் அந்த விமானம் இறங்கியது. எது தேவை, எது வீண் செலவு என்று பார்க்கும் அந்தக் கண், பண்ணையிலும் டிபன் கடையிலும் பழகியது என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

குறைகளையும் மறைக்கலாகாது. விமானங்கள் தாமதமாயின, பயணிகள் ஏசினார்கள், நஷ்டம் பெருகியது. 2007இல் நிறுவனத்தின் பெரும் பங்கு கிங்ஃபிஷர் குழுமத்தின் கைக்குப் போயிற்று. 2008இல் இணைப்பு முடிந்தது. 2012இல் கிங்ஃபிஷர் விமானங்களே நின்றுபோயின. கோபிநாத் 2009இல் தொடங்கிய சரக்கு விமான நிறுவனமும் நிலைக்கவில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றத் தேர்தலிலும் தோற்றார். ஆக, இவர் வென்றே வாழ்ந்தவர் அல்லர். விழுந்த இடத்திலிருந்து மறுபடி எழுந்து கணக்குப் புத்தகத்தைத் திறந்தவர்.

நம் கம்பெனி வாசல்

இப்போது, தொடக்கத்தில் சொன்ன காரணத்திற்கு வருகிறோம்.

நம் நாட்டில் சிப்பாய்கள் பெரும்பாலும் நாற்பது வயதுக்கு முன்பே ஓய்வு பெறுகிறார்கள். பிள்ளைகள் பள்ளியில் படிக்கும் பருவம். உடம்பில் வலு இருக்கும் வயது. ஊருக்கு வந்தவருக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? கம்பெனி கேட்டருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் ஒரு விசிலும்! முன்னாள் படைவீரர்களுக்காகத் தமிழக அரசு 1986இல் 'டெக்ஸ்கோ' நிறுவனத்தை ஏற்படுத்தியது. அதன் வழியாகவும் மிகுதியாகக் கிடைப்பது காவல் பணியே. காவல் பணி இழிவானதன்று. ஆனால் பனிமலையில் நூறு பேருக்கு வேளை தவறாமல் உணவும் எண்ணெயும் கொண்டு சேர்த்தவர், நம் ஸ்டோரையும் லோடையும் பார்த்துக்கொள்ள மாட்டாரா? சிக்னல் படையில் கருவி பழுது பார்த்தவர், நிட்டிங் மெஷினைப் பழகிக்கொள்ள மாட்டாரா? நாம் கேட்டதே இல்லை. "ஏப்பா வாட்ச்மேன்" என்று கூப்பிட்டிருக்கிறோமே தவிர, "ஐயா, எந்த ரெஜிமெண்ட்?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. இந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு. அதை இந்த மேடையில் ஒப்புக்கொள்கிறோம்.

இன்னொன்று. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற ஆணையால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, நொய்யலுக்கு நாம் செய்த தீங்கிற்கு விலை கொடுத்தோம். அன்று சாயத்துணி வராமல் ஜாப் ஒர்க் நின்று, மெஷினை விற்றவர்கள் பலர். 2020இல் கொரோனாக் காலத்தில் ஆர்டர் ரத்தாகிப் பூட்டியவர்களும் உண்டு. தொழில் போனவர் தெருவில் தலைகுனிந்து நடக்கிறார். திருவிழாவுக்கும் வர மறுக்கிறார். நாமும் அவர் வீட்டு வாசலைத் தவிர்க்கிறோம்.

ஆகவே இந்த ஜூபிலி ஆண்டில் ஒரு சிறு வேண்டுகோள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பங்கு மண்டபத்தில் ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போடுவோம். படையிலிருந்து திரும்பியவரும், தொழிலில் அடிபட்டவரும் அங்கே வந்து அமரட்டும். கணக்கு தெரிந்தவர்கள் கணக்குச் சொல்லுங்கள். வங்கி தெரிந்தவர்கள் வங்கி வழி காட்டுங்கள். ஆள் தேவைப்படும் முதலாளிகள் அங்கே வந்து கேளுங்கள். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திற்கு விண்ணப்பம் எழுத நம் கல்லூரிப் பிள்ளைகள் உதவட்டும். இதற்குப் பெரிய நிதி வேண்டியதில்லை, நேரம்தான் வேண்டும்.

கேப்டன் கோபிநாத்துக்குக் கிடைத்தது ஒரு தரிசு நிலம். நம்மிடம் திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு நாற்காலியாவது கிடைக்கட்டும், கேட்டுக்கு வெளியே அல்ல, உள்ளே.