சிங்கப்பூர்: அதிர்ஷ்டமா? அவதாரமா?

(ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சிங்கப்பூர். பிள்ளையையோ, தம்பியையோ, மைத்துனனையோ அந்த ஊருக்கு அனுப்பியிருக்கும் குடும்பத்தார் பலர் இக்கூட்டத்தில் இருக்கிறீர்கள். அப்படியிருந்தும், அந்த ஊர் இந்த நிலைமைக்கு எப்படி வந்தது என்று கேட்டால் நமக்கு இரண்டே பதில்கள்தான் கிடைக்கின்றன. "அந்த மண்ணின் அதிர்ஷ்டம்" என்கிறார் ஒருவர். "லீ குவான் யூ என்று ஒரு மகான் அவதரித்தார், எல்லாம் அவர் செய்தது" என்கிறார் மற்றொருவர். முன்னது ஜோசியன் பதில். பின்னது புராணிகன் பதில். இரண்டிலும் ஜனங்கள் செய்த காரியத்துக்கு இடமே இல்லை. ஆகவே இரண்டையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

முதலில் அதிர்ஷ்டம். கப்பல் போகும் வழியில் நல்ல இடத்தில் அமைந்த தீவு என்பது வாஸ்தவந்தான். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்த இடம் நேற்றுக் கடலிலிருந்து முளைத்து வந்ததல்லவே. 1819-ல் ராபிள்ஸ் என்ற வெள்ளைக்காரர் வந்திறங்கி, வரியில்லாத் துறைமுகம் ஏற்படுத்தியது முதல் அதே இடந்தான், அதே கடல்தான். துறைமுகம் கொழுத்தது, கம்பெனிக்காரரும் கொழுத்தனர். ரிக்ஷா இழுத்தவனும் மூட்டை தூக்கியவனும் ஒரே மாடியைப் பலகையால் பல அறைகளாகத் தடுத்து, காற்றும் வெளிச்சமும் இல்லாத பொந்துகளில் படுத்துக் கிடந்தார்கள். நம் நாட்டிலிருந்து கைதிகளைக் கொண்டுபோய் 1873 வரையில் அங்கே ரஸ்தா போடவும், கட்டடம் எழுப்பவும் வேலை வாங்கினார்கள். இன்றும் வெள்ளை வெளேரென்று நிற்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் கிறிஸ்தவக் கோவில் அந்தக் கைதிகள் கையால் கட்டியதே. அதில் ஜெபம் செய்தவர்கள் மோட்சம் போனார்களோ என்னவோ, கட்டினவர்கள் வேலை முடிந்து சிறைக்குத்தான் போனார்கள். அதிர்ஷ்டம் அந்த மண்ணிலேயே இருந்திருக்குமானால், 140 வருஷ காலம் அது எங்கே ஒளிந்து கொண்டிருந்தது என்று கேட்கிறோம்.

நிற்க, 1959-ல் உள்நாட்டு ஆட்சி ஜனங்கள் கைக்கு வந்தது. 1963-ல் மலேசியாவோடு சேர்ந்தார்கள். 1965 ஆகஸ்டு 9-ந் தேதி பிரிந்து தனி நாடானார்கள். அப்போது ஜனத்தொகை 19 லட்சத்துக்குள். குடிதண்ணீருக்கே அடுத்த நாடான மலேசியாவின் ஜோகூர் மாகாணத்தின் தயவு வேண்டும். இரும்பில்லை, எண்ணெய்க் கிணறில்லை, நெல் விளைய நிலமில்லை. ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்த பிரிட்டிஷ் படைத்தளங்களும் 1971-ல் காலி செய்யப்பட்டன. ஆள் ஒன்றுக்கு வருஷ வருமானம் அன்று சுமார் 500 அமெரிக்க டாலர். இன்று 80,000-க்கு மேல்.

இது எப்படி நடந்தது? எல்லாவற்றையும் சொல்ல நேரமில்லை. வீட்டுச் சங்கதி ஒன்றை மாத்திரம் விரிவாகச் சொல்லுகிறோம். அதில் மற்றதெல்லாம் அடங்கியிருக்கிறது.

வெள்ளைக்கார ஆட்சியில் 1927-ல் வீடு கட்டுவதற்கென்று ஒரு ஸ்தாபனம் வைத்தார்கள். அது 32 வருஷத்தில் கட்டினது சுமார் 23,000 வீடு. 1960-ல் அதை எடுத்துவிட்டு வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஏற்படுத்தினார்கள். அது ஐந்தே வருஷத்தில் 50,000 வீடுகளுக்கு மேல் கட்டிற்று. மண் ஒன்றுதான், சுண்ணாம்பும் ஒன்றுதான். மாறியது மனிதன் புத்தி.

1961 மே 25-ந் தேதி புக்கிட் ஹோ சுவீ என்ற குடிசைப் பகுதியில் தீப்பிடித்தது. பலகையும் கீற்றும் தகரமுமான குடிசைகள். நான்கு பேர் செத்தார்கள். சுமார் 16,000 பேருக்கு வீடில்லாமற் போயிற்று. இப்படி ஒன்று நடந்தால் வைதீகர் என்ன சொல்லுவார்? தெய்வக் குற்றம் என்பார், சாந்தி கழிக்க வசூல் செய்வார். அங்கே சர்க்கார் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டு, அதிலேயே அடுக்கு வீடுகளைக் கட்டத் தொடங்கிற்று. முதல் வீடுகள் ஒரு வருஷத்துக்குள் தயாராயின.

பணம் ஏது, நிலம் ஏது என்று கேட்பீர்கள். 1966-ல் ஒரு சட்டம் செய்தார்கள். பொதுக் காரியத்துக்கு எந்த நிலத்தையும் சர்க்கார் எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு அதற்குக் கொடுக்கும் கிரயத்தையும் 1973-ம் வருஷத்து விலைக்கு மேல் ஏறாதபடி கட்டிப் போட்டார்கள். பக்கத்தில் சர்க்கார் ரஸ்தா போட்டதால் ஏறின விலையை நிலக்காரன் ஏன் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதமே. ஆனால் அதில் பெரிய நிலச்சுவான்தார் மாத்திரம் அகப்படவில்லை. காய்கறி போட்டுப் பன்றி வளர்த்துப் பிழைத்த குடியானவனும் வெளியேற்றப்பட்டான் என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். 1960-ல் பாதிக்கும் குறைவாக இருந்த சர்க்கார் நிலம் 1985-ல் 100-க்கு 76 பங்காயிற்று. சந்தை விலை கொடுக்க 2007-ல்தான் சம்மதித்தார்கள்.

பணமோ, தொழிலாளியின் பணமே. 1955 முதல் மத்திய சேமநிதி என்று ஒன்று உண்டு. தொழிலாளி கூலியில் ஒரு பங்கு, முதலாளி ஒரு பங்கு அதில் கட்டவேண்டும். ஆரம்பத்தில் 100-க்கு 5-ம் 5-ம். 1984-ல் அது 25-ம் 25-ம் ஆயிற்று! அந்த நிதியிலிருந்து வீடு வாங்கலாம் என்று 1968-ல் உத்தரவாயிற்று. அவன் சேமித்த பணம் சர்க்கார் பத்திரமாகி, வீடு கட்டும் கழகத்துக்குக் கடனாகி, வீடாகி, அவனுக்கே விலைக்கு வந்தது. இன்று அந்நாட்டுக் குடிகளில் 100-க்குச் சுமார் 80 பேர் இந்த வீடுகளில்தான் வசிக்கிறார்கள். சொந்தம் என்று பெயரானாலும் 99 வருஷக் குத்தகைதான். முடிந்தால் சர்க்காருக்குத் திரும்பிவிடும். இதை அவதாரம் கொடுத்த வரம் என்றால் கூலி கட்டினவன் சிரிக்க மாட்டானா?

வீட்டோடு வேறு இரண்டு காரியமும் நடந்தது. ஒன்று, மலத்தை வாளியில் சுமக்கும் வேலை. அது 1987-ல் அடியோடு நின்றது. யாருடைய மனசும் மாறி நிற்கவில்லை, கழிவுக்குழாய் போட்டார்கள், நின்றது. மற்றொன்று, 1989 முதல் எந்த அடுக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் முதலானோர் இன்ன அளவுக்கு மேல் சேரக்கூடாது என்று விதித்தார்கள். 1964-ல் மலாய்க்காரரும் சீனரும் வெட்டிக்கொண்டு முப்பத்தாறு பேர் செத்த ஊர் அது. நம்மூர்ப் பாஷையில் சொன்னால், அக்கிரகாரமும் சேரியும் தனித்தனியே முளைக்க வழியில்லாமல் செய்தார்கள். சிறுபான்மையார் தங்கள் வீட்டை விற்கப் போனால் வாங்குவோர் குறைந்து, விலையும் குறைகிறது என்ற குறை அதில் உண்டு.

தொழிற்சாலைச் சங்கதியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறோம். வின்ஸ்மியஸ் என்ற டச்சுக்காரர் ஐக்கிய நாட்டு ஸ்தாபனத்தின் சார்பாக 1960-ல் வந்து யோசனை சொன்னார். நிதிமந்திரி கோ கெங் சுவீ ஜூரோங் சதுப்பு நிலத்தைத் தூர்த்துத் தொழிற்பேட்டை போட்டார். ஆலை வராது, பணம் பாழ் என்று ஊரார் பரிகசித்தார்கள். ஆலைகள் வந்தன. வந்ததற்கு ஒரு விலையும் உண்டு. 1968-ல் செய்த சட்டங்களால் தொழிற்சங்கத்தின் கையில் இருந்த பல உரிமைகள் முதலாளிக்குப் போயின.

இனி அவதாரத்துக்கு வருவோம். லீ குவான் யூ திறமைசாலி, லஞ்சம் வாங்காதவர் என்பதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. அவர் கட்சி 1961-ல் மாதர் சாசனம் செய்து, முஸ்லிம்கள் நீங்கலாக மற்றவர்களில் ஒருவன் பல பெண்டாட்டி கட்டுவதை ஒழித்ததைப் பாராட்டுகிறோம். ஆனால் அதே லீ 1983-ல் என்ன சொன்னார்? புத்தி என்பது 100-க்கு 80 பங்கு பிறவியில் வருவது, படித்த பெண்கள் கலியாணம் செய்துகொள்ளாமலும் பிள்ளை பெறாமலும் இருந்தால் நாடு கெட்டுவிடும் என்றார். அடுத்த வருஷம், மூன்று பிள்ளை பெற்ற பட்டதாரித் தாயின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் முதலிடம் என்று திட்டம் வந்தது. படிப்பில்லாத ஏழைத்தாய் ஓரிரண்டு பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி என்றார்கள்.

தோழர்களே! இது என்ன? பிறவியில் உயர்வு தாழ்வு என்று மனு சொன்னதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? பூணூலுக்குப் பதில் பட்டம், அவ்வளவுதானே! கணக்குப் போட்டு ஆட்சி செய்தவர் புத்தியும் இந்த இடத்தில் பழைய குட்டையில்தான் விழுந்தது. அவரைத் திருத்தினது யார்? ஜனங்கள். 1984 டிசம்பர் தேர்தலில் அவர் கட்சிக்குக் கிடைத்த ஓட்டு 100-க்குச் சுமார் 78-லிருந்து 65-க்கு இறங்கிற்று. சேமநிதியைத் திருப்பிக் கொடுக்கும் வயதை உயர்த்தும் யோசனையும் ஒரு காரணம் என்றாலும், தாய்மார்களின் கோபம் அதில் பெரும் பங்கு. அடுத்த வருஷமே பள்ளிக்கூடச் சலுகையை வாபஸ் வாங்கினார்கள். அவதாரத்தை ஓட்டுப் போட்டுத் திருத்த முடியுமா? மனிதனைத்தான் முடியும்.

ஓட்டு எட்டாத இடத்தில் என்ன நடந்தது என்பதையும் பாருங்கள். சட்டசபை அங்கத்தினராக இருந்த சியா தை போ என்பவரை 1966-ல் பிடித்து, விசாரணையே இல்லாமல் 1989 வரையில் அடைத்து வைத்தார்கள். எதிர்க்கட்சியார் ஒருவர்கூட ஜெயிக்காமல் பல தேர்தல்கள் நடந்தன. 1981-ல்தான் யாழ்ப்பாணத் தமிழரான ஜெயரத்தினம் ஜெயித்து உள்ளே போனார்.

ஓட்டே இல்லாதவர்கள் வேறு இருக்கிறார்கள். அவர்கள்தான் நம் பிள்ளைகள். தமிழ் அங்கே ஆட்சி மொழிகள் நான்கில் ஒன்று. 2023-ல் ஜனாதிபதியாக ஜனங்கள் தேர்ந்தெடுத்த தர்மன் சண்முகரத்னம் தமிழர். நமக்கும் சந்தோஷமே. ஆனால் கட்டடம் கட்டப் போகும் புதுக்கோட்டைப் பையன் குடியும் அல்ல, ஓட்டரும் அல்ல. அந்த அடுக்கு வீடுகளைக் கட்டுகிறவன் அவன். குடியிருப்பது தொழிலாளர் விடுதியில். 2020-ல் கொரோனா வந்தபோது விடுதிகளில் இருந்த 3 லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தொற்று ஏற்பட்டிருந்ததாக அந்தச் சர்க்காரே கணக்குச் சொல்லிற்று. அதன் பிறகுதான், 2021-ல், புதிதாகக் கட்டும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது என்றார்கள். 12 என்பது குறைத்த கணக்கு என்றால் முன்பு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். காரில் போகிறவன் இடுப்பில் வார் கட்டாவிட்டால் அபராதம் போடுகிற ஊரில், தொழிலாளியை லாரியின் பின்தட்டில் உட்கார வைத்து ஏற்றிப் போகிறார்கள். அதைத் தடுக்க வேண்டுமென்று கேட்டதற்கு, தடுப்பது நடைமுறைக்கு ஒத்துவராது என்று 2023-ல் சர்க்கார் பதில் சொல்லிற்று. சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர்களுக்கு ஒரு பஸ் நடைமுறைக்கு ஒத்துவரவில்லையாம்!

ஆகையால் ஒன்று கேட்டுக்கொள்ளுகிறோம். இந்த வாரம் பிள்ளையோடு போனில் பேசும்போது, பணம் எப்போது வரும் என்பதோடு இன்னும் மூன்று கேளுங்கள். அறையில் கட்டில் எத்தனை? வேலைக்குப் போவது லாரியிலா, பஸ்ஸிலா? ஏஜெண்டுக்குக் கட்டின பணம் எத்தனை மாதச் சம்பளம்? வாசகசாலை மேஜைமீது ஒரு நோட்டுப் புஸ்தகம் வைத்திருக்கிறோம். பெயர் எழுத வேண்டியதில்லை. பதிலை மாத்திரம் எழுதிவிட்டுப் போங்கள். எழுதத் தெரியாதவர்களுக்கு நூலகர் எழுதிக் கொடுப்பார்.