தட்டில் ஒரு கணக்கு



மைசூர் என்றதும் மைசூர்பாகு நினைவுக்கு வரும். ஆனால் மைசூரைச் சுற்றியுள்ள கிராமங்களின் அன்றாடச் சாப்பாடு கேழ்வரகுக் களி. அங்கே அதை ராகி முத்தே என்பார்கள். கீரைச் சாறு, கொள்ளுச் சாறு, மொச்சைச் சாறு இவற்றில் ஒன்றைத் தொட்டுக்கொண்டு சாப்பிடுவார்கள்.

சர்க்கரை நோய் அந்த ஊரையும் விடவில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்று அது சொல்லியது.

சர்க்கரை நோய் வந்தவர் இனிப்பை விட்டால் போதுமா? போதாது. சோறு, இட்லி, தோசை, சப்பாத்தி, களி எல்லாவற்றிலும் மாவுச்சத்து இருக்கிறது. வயிற்றுக்குள் போனதும் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. அந்தச் சர்க்கரை இரத்தத்தில் கலக்கிறது. அதை உடல் பயன்படுத்த இன்சுலின் வேண்டும். இன்சுலின் குறைந்தாலோ, சரியாக வேலை செய்யாவிட்டாலோ சர்க்கரை இரத்தத்திலேயே தேங்கும். நாளாக ஆகக் கண், சிறுநீரகம், கால் நரம்பு, இதயம் எல்லாம் கெடும். அதனால்தான் மாவுச்சத்தைக் குறைக்கச் சொல்கிறார்கள்.

கேழ்வரகு சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று பலர் நம்புகிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து சுமார் 78 கிராம். 100 கிராம் கேழ்வரகில் சுமார் 67 கிராம். வித்தியாசம் 11 கிராம்தான். ஒருவர் 100 கிராம் அரிசிச் சோற்றை விட்டுவிட்டு, 200 கிராம் மாவில் கிண்டிய களியைச் சாப்பிடுகிறார். அவர் வயிற்றுக்குள் போகும் மாவுச்சத்து 134 கிராம். இது லாபமா, நஷ்டமா?

கேழ்வரகு நல்ல தானியம்தான். அதில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அரிசியைவிட அதிகம். ஆனால் அளவு முக்கியம். பெரிய உருண்டை சிறிய உருண்டையாக வேண்டும். கூழாகக் கரைத்துக் குடித்தால் சர்க்கரை சீக்கிரம் ஏறும்.

உருண்டையைக் குறைத்தால் பசிக்காதா? பசிக்கும். அந்த இடத்தை வேறு உணவால் நிரப்ப வேண்டும். தட்டை மனத்தால் நான்காகப் பிரியுங்கள். இரண்டு பங்கு கீரையும் காய்கறியும். உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு இதில் சேராது. ஒரு பங்கு பருப்பு, கொள்ளு, முட்டை, மீன் போன்றவை. மீதி ஒரு பங்குதான் சோறோ, களியோ, சப்பாத்தியோ. காயையும் பருப்பையும் முதலில் சாப்பிடுங்கள். சோற்றைக் கடைசியில் சாப்பிடுங்கள். காப்பியில் போடும் சர்க்கரையையும் கணக்கில் சேருங்கள். வெல்லமும் தேனும் சர்க்கரைக்கு மாற்று ஆகாது.

மாற்றம் ஒரே நாளில் வேண்டாம். மூன்று கரண்டி சோறு சாப்பிடுபவர் முதல் வாரம் இரண்டரைக் கரண்டி சாப்பிடட்டும். பிறகு இரண்டு கரண்டி. வீட்டில் ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் செய்தால் அது நீடிக்காது. எல்லோர் தட்டிலும் காய் கூடட்டும். எல்லோருக்கும் அது நல்லதுதான்.

இப்போது மிக முக்கியமான விஷயம். இன்சுலின் ஊசி போடுபவர்களும், சிலவகைச் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் டாக்டரைக் கேட்காமல் சோற்றைக் குறைக்கக் கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும். கை நடுங்கும். வியர்த்துக் கொட்டும். தலை சுற்றும். பேச்சுக் குழறும். உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் மறுபடியும் குடிக்க வேண்டும். மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். புரை ஏறிவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

அதற்காக மாத்திரையைத் தாமாக நிறுத்துவதும் தவறு. கூட்டுவதும் குறைப்பதும் டாக்டர் வேலை. கர்ப்பிணிகளும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரைக் கேட்க வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரிந்தவருக்கு இங்கே ஒரு வசதி உண்டு. ஒரு நோட்டு வாங்குங்கள். என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு சாப்பிட்டீர்கள், பரிசோதனையில் சர்க்கரை எவ்வளவு என்று தேதி போட்டு எழுதுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது நோட்டைக் காட்டுங்கள். மருந்தை எவ்வளவு மாற்றலாம் என்று முடிவு செய்ய அது அவருக்கு உதவும்.