ஒருமுறை வந்த டெங்கு மறுமுறை காக்குமா?

(வெஸ்ட் ஈலிங்கில் புலம்பெயர் பெற்றோரும் இளையோரும் கூடிய சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மார்கழி விடுமுறைக்குத் தாயகம் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. வடகீழ்ப் பருவமழையைத் தொடர்ந்து யாழ்ப்பாணத்தில் டெங்கு பெருகும் காலமும் அதுவே. "எனக்கு முன்னரே டெங்கு வந்துவிட்டது, இனி அச்சமில்லை" என்று நம்மவர் சிலர் கூறுவர். சின்னமுத்து ஒருமுறை வந்தால் மீண்டும் வருவது அரிது என்று அறிந்தோருக்கு இவ்வெண்ணம் இயல்பானதே. ஆயினும் டெங்கைப் பொறுத்தவரை இது ஆபத்தான எண்ணமாகும்.

டெங்கு வைரசில் நான்கு வகைகள் உள்ளன. ஒரு வகை தொற்றினால், அவ்வகைக்கு எதிரான நிர்ப்பீடனம் நெடுங்காலம் நிலைக்கிறது. ஏனைய வகைகளுக்கு எதிரான பாதுகாப்போ விரைவில் தேய்ந்துவிடுகிறது. பின்னர் வேறொரு வகை உட்புகும்போது, பழைய பிறபொருளெதிரிகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. ஆனால் செயலிழக்கச் செய்வதில்லை. அவ்வாறு பற்றப்பட்ட வைரசை வெண்குருதிக் கலங்கள் உள்ளே இழுத்துக்கொள்ள, அங்கேயே அது பெருகுகிறது. காவலாளியே கதவைத் திறந்துவிடுவதற்கு இது ஒப்பாகும்.

கியூபாவில் 1977இல் முதலாம் வகை பரவியது. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் உயிரிழந்தனர். முதற் பரவலின் பின் பிறந்த ஒன்று, இரண்டு வயதுக் குழந்தைகளிடம் கடுமையான நோய் அரிதாகவே காணப்பட்டது. இலங்கையிலும் 2017இல் இரண்டாம் வகை மேலோங்கியது. 186,000க்கும் அதிகமானோர் டெங்கு நோயாளராகப் பதிவாகினர். 400க்கும் அதிகமானோர் இறந்தனர்.

இரண்டாம் தொற்றுக்கு ஆளாவோரிலும் பெரும்பாலோர் நலமடைகின்றனர் என்பதையும் கூறவேண்டும். எனவே பீதி வேண்டாம், அவதானம் வேண்டும். முன்னர் டெங்கு கண்டவர்கள் பயணத்துக்கு முன் தடுப்பூசி பற்றி வைத்தியரிடம் கேளுங்கள். பிரித்தானியாவில் அது பரிந்துரைக்கப்படுவது அத்தகைய பயணிகளுக்கே. பகலிலும் நுளம்புக்கடியைத் தவிருங்கள். திரும்பி இரு வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், பயணத்தையும் பழைய டெங்கையும் மறவாது வைத்தியரிடம் கூறுங்கள். அஸ்பிரின், இபுபுரோபென் ஆகியவற்றைத் தவிருங்கள். காய்ச்சல் தணியும் வேளையில் வயிற்றுவலி, தொடர்வாந்தி, குருதிக்கசிவு தோன்றினால் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.

பிள்ளைகளின் தடுப்பூசிப் பதிவேட்டைப் பேணுவதுபோல், வீட்டில் எவருக்கு, எவ்வாண்டில் டெங்கு வந்தது என்பதையும் இன்றே எழுதிவையுங்கள்.