படம் போனில் இருக்கு, கேசட் எதுக்கு?

போன வாரம் 'கரகாட்டக்காரன்' கதை வசன கேசட் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கினேன். "படமே போன்ல ஓடுதே, இது எதுக்குடா?"ன்னு அம்மா கேட்டாங்க.

1989-ல் வந்த படம். இயக்கம் கங்கை அமரன், இசை அவர் அண்ணன் இளையராஜா. நமக்குத் தெரிஞ்சது வாழைப்பழ காமெடி க்ளிப் மட்டும்தான். முழுசா கேட்டாத்தான் புரியுது: கவுண்டமணியும் செந்திலும் ஒரு கரகாட்ட செட்டில் மேளம், நாயனம் வாசிக்கிறவங்க. ஊர் ஊராப் போற பொழப்புக்கு நடுவுலதான் அந்தச் சிரிப்பு. க்ளிப்பில் அந்தப் பொழப்பு வெட்டுப்பட்டுப் போகுது.

கேசட்டை ஓட விட்டேன். உள்ளறையில் இருந்த அப்பா, அடுத்தடுத்த வசனத்தை முந்திக்கிட்டுச் சொன்னார். எல்லாம் டீக்கடையில் கேட்டே மனப்பாடமாம்.

"படம் எப்பப்பா பார்த்தீங்க?"

"அதுக்கு மூணு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் அந்தக் காரை நானா கற்பனை பண்ணி வச்சிருந்தேன். என் கார் இன்னும் ஓட்டை!"

அந்தக் கார் எந்த போனிலும் கிடைக்காது. கேசட் ஓடலைன்னா அப்பா அதைச் சொல்லியே இருக்க மாட்டார்.

உங்க வீட்டுப் பரணையும் பாருங்க. டேப்பில் பூஞ்சை பிடிக்கிறதுக்குள்ள ஒருதடவை ஓட விடுங்க, வீட்ல எல்லாரும் இருக்கும்போது.