மலைச் சரிவில் வீடு கட்டுமுன்

(நீலகிரி மாவட்ட ஊராட்சி உறுப்பினர்களுக்கான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



சென்ற ஆண்டு கட்டட வரைபடம் ஒன்று நம் பார்வைக்கு வந்தது. காகிதத்தில் குறை ஏதும் இல்லை. பட்டா இருந்தது, அளவுகளும் சரியாயிருந்தன. இடத்தைப் பார்வையிடச் சென்றபோதோ, மனையின் பின்புறம் இரண்டு ஆள் உயரத்துக்கு மலை செங்குத்தாக வெட்டப்பட்டிருந்தது. அதற்கு மேலே ஒரு மூதாட்டியின் வீடு. அவ்வம்மையாரின் திண்ணைக்கும் வெட்டின் விளிம்புக்கும் இடையே நாலு முழந்தான் இருந்தது. விண்ணப்பம் எழுதப்படுமுன்பே இயந்திரம் வந்து வேலையை முடித்துவிட்டது. அனுமதியை மறுத்தோம், ஆனால் வெட்டிய மலையைத் திரும்ப ஒட்டவைக்க எந்த உத்தரவுக்கும் சக்தி இல்லை.

ஆதலால், கட்டடத்தைக் காட்டிலும் வெட்டையே முதலில் கவனிக்குமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறோம். நமது மலைகளில் பாறையின் மேல் மக்கிய மண் ஆழமாகப் படிந்திருக்கிறது. வெயிற் காலத்தில் அது சுவர்போல் நிற்கும். வடகிழக்குப் பருவமழையில் நீர் ஊறியதும் கனம் கூடி, பிடிப்புத் தளர்ந்து விடுகிறது. சரிவின் அடியை வெட்டினால், மேலுள்ள மண்ணைத் தாங்கி நின்ற காலையே எடுத்துவிட்டவர்களாகிறோம். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதும், அம்மழையில் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் மண்ணில் புதைந்து மாண்டதும் உங்களில் பலர் கண்டவை. 1978 ஆம் ஆண்டுச் சேதத்தை நினைவுகூரும் பெரியவர்களும் இங்கே இருக்கக்கூடும்.

விதிகள் புதியவை அல்ல. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதையும் நிலத்தைப் பயிரிடுவதையும் ஒழுங்குபடுத்தும் சட்டம் 1955 ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. 1990 இல் மலையிடப் பாதுகாப்புக் குழுமம் அமைந்தது. அதன் எல்லைக்குட்பட்ட கிராமங்களில் ஊராட்சி தானாகவே மனைப்பிரிவுக்கு இசைவு தந்துவிட முடியாது. வனத்துறை, புவியியல் மற்றும் சுரங்கத்துறை, வேளாண்மைப் பொறியியல் துறை ஆகியவற்றின் கருத்தைப் பெறவேண்டும். மலை நகரங்களுக்கென 1993 இல் வகுத்த விதிகளில் கட்டட உயரத்துக்கு 7 மீட்டர் என வரம்பு கட்டினார்கள். இதை அழகுக்காக இட்ட கட்டுப்பாடு என்று சிலர் எள்ளுவதுண்டு. உயரம் கூடினால் பாரம் கூடும், அஸ்திவாரத்துக்கு வெட்டும் ஆழமாகும் என்பதை அவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. இயந்திரங்கொண்டு சரிவை வெட்டுவதற்கு மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

குற்றம் மக்களுடையது மட்டும் அல்ல. நாம் முன்பு பணியாற்றிய ஒரு வட்டாரத்தில் தெருச் சாலை போட்டோம். சாலை நன்றாகவே அமைந்தது. வடிகால் எங்கே போய் முடிகிறது என்பதை மட்டும் பார்க்கத் தவறிவிட்டோம். தெரு நீர் முழுவதும் ஒரு விவசாயியின் கேரட் அடுக்குகளில் பாய்ந்து, மூன்று அடுக்குகளைக் கரைத்துக்கொண்டு போயிற்று. அவர் எம்மிடம் கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. அதுதான் இன்றும் உறுத்துகிறது. தடுப்புச் சுவர் எழுப்புவோரும் இதே பிழையைச் செய்கிறார்கள். சுவருக்குப் பின்னே சல்லி நிரப்பி, நீர் வெளியேறத் துளைகள் விடாவிட்டால், தேங்கும் நீரே சுவரைத் தள்ளிவிடும்.

மலைமுகட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. காட்சி அழகாயிருக்கும் என்று முகட்டிலே விடுதி கட்ட வெளியூரார் நல்ல விலை தருகிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கும் மகளின் கல்யாணத்துக்கும் விற்கும் விவசாயியை நாம் குறை கூறமாட்டோம். ஆனால் முகட்டில் ஊறவிடும் கழிவுநீர் கீழே உங்கள் ஊற்றில்தான் வந்து சேரும். நம் முன்னோர் ஹட்டிகளை அமைத்த விதத்தைப் பாருங்கள். சரிவின் போக்குக்கு இசைய வரிசை வரிசையாக, தாழ்வான வீடுகள். ஓடைக்கு அதன் வழியை விட்டிருக்கிறார்கள். கூடலூருக்கு அடுத்த வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் மேல் மலையில் புறப்பட்ட சரிவு, ஆற்றின் போக்கிலேயே இறங்கி இருநூறுக்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோயிற்று. ஓடைக்கரை மனைகளுக்கும் நீங்கள் தயங்கத்தான் வேண்டும்.

விண்ணப்பித்தவர் பங்காளியாக இருப்பார், சம்பந்தியாக இருப்பார், தேர்தலில் உங்களுக்காக உழைத்தவராகவும் இருப்பார். சங்கடம் எமக்கு விளங்காமலில்லை. மறுப்பது கடினமானால், “அலுவலர் வந்து பார்க்கட்டும்” என்று பழியை எம்மீது போட்டுவிடுங்கள். அதற்குத்தானே சம்பளம் வாங்குகிறோம்!

ஊரில் மண் வெட்டும் இயந்திரம் ஏறியதும் அன்றைக்கே அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கிய ஊற்று, மூட மறுக்கும் கதவு ஆகியவற்றைக் கண்டாலும் அவ்வாறே. மழை வலுத்தால் அவ்வீட்டாரை இரவுக்கு முன்பே பள்ளிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொரு வார்டிலும் வெட்டுக்கு மேலும் கீழும் உள்ள வீடுகளின் பட்டியல் செப்டம்பர் முடிவுக்குள் எமக்கு வேண்டும். அந்த மூதாட்டியின் வீட்டுக்குக் கீழே கல் அடுக்கும் வேலை இன்னும் பாதியில் நிற்கிறது. முகாம் முடிந்ததும் நாம் அங்கேதான் செல்கிறோம். வர விரும்பும் உறுப்பினர்களுக்கு ஜீப்பில் இடம் இருக்கிறது.