குழந்தைப்பேற்றுச் சிகிச்சையும் கைத்தொலைபேசியும்

(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



"உமது தொழிலைப் பற்றி ஏதாவது சொல்லும்" என்று சங்கத்தினர் கேட்டார்கள். நான் லண்டனில் குழந்தைப்பேற்றுச் சிகிச்சை நிலையம் ஒன்றில் தாதியாக இருக்கிறேன். எங்கள் வீடுகளில் கதவைச் சாத்திவிட்டுப் பேசும் விடயம் இது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்திலாவது பிள்ளைப்பேறு தாமதிக்கும் துன்பத்தைச் சந்திக்கிறார் என்று 2023 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆகவே இந்த மண்டபத்திலும் அந்த வழியால் வந்தவர்கள் இருப்பார்கள். நானும் வந்தவள்.

என் சிகிச்சை 2004 இல் நடந்தது. ஊசி மருந்தின் அளவு, ஸ்கான் நாள் எல்லாவற்றையும் கொப்பி ஒன்றில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பின்னேரம் நான் பஸ்ஸில் நிற்கும்போது நிலையத்திலிருந்து தொலைபேசியில் அழைத்து அன்றைய அளவை மாற்றச் சொன்னார்கள். கடித உறை ஒன்றின் பின்புறத்தில் எழுதினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், 150 என்றார்களா 250 என்றார்களா என்று எனக்கே விளங்கவில்லை. திருப்பி எடுத்தேன், நிலையம் பூட்டியாகிவிட்டது. 150 போட்டேன். சொன்னது 250 என்று அடுத்த நாள் தெரிந்தது. அந்தச் சிகிச்சை பலன் தரவில்லை. அந்த ஓர் ஊசியால்தானோ என்று ஆண்டுக்கணக்காக என்னையே குற்றஞ்சாட்டினேன். ஒரு நாள் அளவு குறைந்தது அதைத் தீர்மானித்திருக்காது என்பதை இத்துறைக்கு வந்த பிறகுதான் மனம் ஏற்றது.

இன்று எங்கள் நோயாளரின் கைத்தொலைபேசியில் நிலையத்தின் செயலி இருக்கிறது. பிள்ளைகள் 'அப்' என்பது இதைத்தான். அளவு மாறினால் எழுத்தில் வரும். ஊசி போடும் முறையை வீடியோவில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். கேள்வியை எழுதி அனுப்பினால் தாதி பதில் தருவார். எல்லாவற்றிலும் முக்கியம் கடைசி ஊசி. அதைப் போட்டு 34 முதல் 36 மணித்தியாலத்துக்குள் சூல்களை வெளியே எடுக்கவேண்டும். அதனால் பெரும்பாலும் இரவில், குறித்த நிமிடத்தில் அதைப் போடச் சொல்வோம். அந்த நேரத்துக்கு மணி அடித்து நினைவூட்டுவது சின்ன உதவி அல்ல.

ஆனால் எல்லாச் செயலியும் ஒன்றல்ல. மாதவிடாய் நாளைக் கணக்கிடும் பொதுச் செயலிகள் பல உண்டு. சிகிச்சையில் உங்கள் சுற்றை நடத்துவது மருந்து; அந்தச் செயலியின் கணிப்பு அங்கே பயன்படாது. உங்கள் அந்தரங்கம் எங்கே போகிறது என்பதும் கேள்வி. இவ்வகையான இரண்டு செயலிகள், பெண்களின் தகவலை அவர்கள் அறியாமல் வேறு நிறுவனங்களுக்குக் கொடுத்தன என்று குற்றஞ்சாட்டி, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. 2021 இல் 'ஃப்ளோ', 2023 இல் 'பிரீமொம்'. ஆகவே பதியுமுன் கேளுங்கள்: இதன் பின்னால் என் நிலையத்தின் ஆட்கள் இருக்கிறார்களா? என் தகவலை யார் பார்ப்பார்கள்? வேண்டாம் என்றால் அழிப்பார்களா?

செயலியில் செய்தி போட்டுவிட்டுக் காத்திருக்கக்கூடாத நேரமும் உண்டு. வயிறு வேகமாக வீங்குதல், மூச்சு முட்டுதல், சலம் குறைதல், விடாத வாந்தி ஆகியவை சூலகம் மருந்துக்கு அளவுமீறி இயங்குவதன் அறிகுறிகளாக இருக்கலாம். உடனே நிலையத்தின் அவசர இலக்கத்துக்கு அழையுங்கள்; அல்லது வைத்தியசாலைக்குப் போங்கள்.

அடுத்தது காத்திருப்பு. கருவை வைத்த பின் இரத்தப் பரிசோதனைக்கு ஏறக்குறைய இரண்டு கிழமை. அப்போது கொடுக்கும் புரோஜெஸ்ரரோன் மருந்தே மார்பு நோவையும் வயிற்று உப்பலையும் தரும். அவற்றைச் செயலியில் பதிந்து பதிந்து கர்ப்பமா இல்லையா என்று தேடுவது மனதைத்தான் தின்னும்.

எங்களிடம் வந்த ஒரு தங்கைக்குக் கரு தரித்துக் கலைந்துவிட்டது. சில கிழமைக்குப் பின் வந்தவர் ஒன்றும் பேசாமல் கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "இந்த வாரம் உங்கள் குழந்தை இவ்வளவு வளர்ந்திருக்கும்" என்று அதில் வாழ்த்து வந்திருந்தது. கர்ப்பம் தரித்த நாளில் ஆசையோடு பதிந்த வேறொரு செயலி அது. இழப்பை யாரும் அதற்குச் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து அதை அழித்தோம். பிறகுதான் அவர் அழுதார்.

இன்னொன்று. செயலி மனைவியின் கையில் மட்டும் இருந்தால் பாரமும் அவர் கையில் மட்டும்தான். பிள்ளையில்லாத் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கிறது. நிலையம் இடம் தந்தால் கணவரின் கைத்தொலைபேசியிலும் பதியுங்கள். கடைசி ஊசிக்கு இரண்டு வீட்டு மணியும் அடிக்கட்டும். ஒருவர் மருந்தை எடுத்துவர மற்றவர் நேரத்தைப் பார்க்கட்டும்.

எனக்குப் பிள்ளை கிடைக்கவில்லை. அந்த நாட்களில் என்னோடு படித்த ஒருத்தி சனிக்கிழமைகளில் வருவாள். "ஏதும் விசேஷமோ?" என்று ஒருநாளும் கேட்டதில்லை. தேத்தண்ணி போட்டுக் குடித்துவிட்டு, எங்கள் விடுதிக் கதைகளைச் சொல்லிச் சிரிக்கவைத்துவிட்டுப் போவாள். இன்று அவள் இந்த மண்டபத்தில் இருக்கிறாள்.

செயலியால் மருந்து நேரத்தைச் சொல்ல முடியும். அவள் செய்ததை அதனால் செய்ய முடியாது. உங்கள் வகுப்பில் படித்த ஒருத்தி கொஞ்ச நாளாகக் கூட்டங்களுக்கு வராமல் இருந்தால், காரணம் கேட்காமல் ஒருமுறை போய்ப் பாருங்கள்.