ஒலிநாடாவில் பாடவேறுபாடு



மதுரையில் 1912-இல் பிறந்து 1968-இல் மறைந்த சங்கீத கலாநிதி மதுரை மணி ஐயரின் இசை, இன்று பெரிதும் வாழ்வது கச்சேரி ஒலிநாடாக்களிலேயே. பாபநாசம் சிவனின் 'காபாலி' என்னும் மோகன ராகக் கீர்த்தனையைப் பல பதிவுகளில் ஒருங்கே கேட்போர், சாகித்தியம் நிலைத்து நிற்க, கற்பனைச் சுரங்கள் புதிது புதிதாய்ப் பிறப்பதை உணர்வர்.

உ. வே. சாமிநாதையர் ஏட்டுச் சுவடிகளை ஒப்புநோக்கி 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏடெழுதுவோர் பிழை களைந்து ஆசிரியர் பாடத்தைக் காண்பதே அங்கு நோக்கம். ஒலிநாடாவை ஒப்பிடுவோர்க்கோ அத்தகைய ஒற்றை மூலம் இல்லை. வேறுபாடு பாடியவரிடமிருந்தே வந்தது. ஆதலின் எல்லாமே மூலம்.

சிறந்த பதிவொன்று இருக்க, ஏனையவை எதற்கு என்று வினவுவோர் உண்டு. ஒரு சுரக்கோவை அன்று தோன்றியதா, பலநாள் பழகியதா என்பதைத் தனிப்பதிவு சொல்லாது; பல பதிவுகளே சொல்லும்.

ஏட்டைச் செல் அரித்தது. நாடாவின் காந்தப்பூச்சோ தானே உதிர்கிறது. ஆகவே, கணினிக்கு மாற்றுவோர் தேர்ந்தெடுத்து மாற்றாது, உள்ளன யாவும் மாற்றுதல் வேண்டும். கழித்துவிட்டதை மீண்டும் பாடித்தர அவர் இல்லை.